ஒரு படி தவிடு

எங்கள் இரண்டாவது பிள்ளையையும் கள்ளி வேலி ஓரத்தில்தான் புதைத்தோம்.

மூச்சு விடாமல் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் இல்லாவிட்டால் கல்லறைச் சுவருக்கு வெளியேதான் இடம். மூத்ததும் அங்கேதான் கிடந்தது. குழியை நானே வெட்டினேன். மண்வெட்டியால் நாலு கொத்து. அவ்வளவு சின்னக் குழி.

என் பெயர் சவரிமுத்து. பண்ணைப்புரத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு நிலம் உழுகிறவன். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. பேச்சும் எனக்கு அதிகம் வராது. கோவிலில் சனத்துக்கு வாசித்துக் காட்ட இதை எழுதச் சொல்லி உபதேசியார் மாதா திருநாள் வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மனைவி ரோசம்மாள் அந்த இரண்டாவது குழிக்குப் பிறகு அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். சோறு வடிப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். கோவிலில் எல்லோருக்கும் பின்னால் உட்காருவாள். எங்காவது கைப்பிள்ளை சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

இரண்டு பிரசவமும் ஒரே மாதிரி. வலி வந்து இரண்டு பகல் கிடந்தாள். பிள்ளை இறங்கவில்லை. இறங்கினபோது உயிர் இல்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

பிறகு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். இவளுக்கு இடுப்பெலும்பு குறுகல் என்றார். அடுத்த பிள்ளையை வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டும், அதைக் கைதேர்ந்து செய்கிறவர்கள் சென்னைப் பட்டணத்தில் இருக்கிறார்கள், மாசம் ஆகிவிட்டால் அந்த ஆஸ்பத்திரி பக்கத்திலேயே குடி இருக்கவேண்டும் என்றார். வயிற்றைத் திறப்பது என்றதும் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ரோசம்மாள் மட்டும் தலையை ஆட்டினாள்.

ஜெர்மனிச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருசம் முந்தி, மூன்றாவது தடவை முழுகாமல் இருந்தாள். அந்த ஈஸ்டருக்கு அவள் தம்பி சின்னப்பன் சென்னைப் பட்டணத்திலிருந்து வந்தான். அங்கே பஞ்சாலையில் வேலை செய்கிறவன்.

"மச்சான், மில்லுல ஆள் எடுக்குறாக. மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றான்.

என் ஆத்தா அடுப்படியிலிருந்து கேட்டாள். "அங்கன சாமான் விலையெல்லாம் எப்படிடா?"

"அதை மட்டும் கேக்காதீக அத்தை. முருங்கைக்கீரைக்குக் காசு."

"கீரைக்கா?"

"கீரைக்கு, விறகுக்கு, வாழை இலைக்கு. சாணிக்குக்கூடக் காசு."

"சாணிக்குமா! அப்ப அங்கன மாடு வச்சிருக்கவக எல்லாம் ராசாதான்" என்றாள் ஆத்தா. சின்னப்பன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அறுப்பு முடிந்து களத்தில் நெல் கிடந்தது. நான் அளந்து போட்டேன், ரோசம்மாள் சாக்கைப் பிடித்தாள். எங்கள் களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம். 'லாபம்' என்போம். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. அன்றைக்கு லாபம் என்று சொல்லிவிட்டு மரக்காலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். அதற்கு மேல் எண்ணிக்கை வரவில்லை.

மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. இங்கே இருந்தால் வருசத்துக்கு நெல் உண்டு. மலையில் விறகு உண்டு. கேணித் தண்ணீர் உண்டு. கூப்பிட்டால் ஓடிவர ஊரே உண்டு. ஆஸ்பத்திரி இல்லை. அங்கே போனால் ஆஸ்பத்திரி உண்டு, கூலி உண்டு. வாங்குகிற கூலி வாடகைக்கும் விறகுக்கும் போய்விடும். விட்டுப்போன வார நிலம் திரும்பக் கிடைக்காது. அதைவிடப் பெரிது ஒன்று. பிரசவத்துக்குப் பெண் துணை வேண்டும். சின்னப்பன் கலியாணம் ஆகாதவன், ஆண்களோடு அறையில் கிடக்கிறவன். என் ஐயா பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார். ஆத்தா அவரை விட்டு வரமுடியாது. ரோசம்மாளுக்குத் தாய் இல்லை.

"அங்கன உனக்கு யார் இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் சாக்கை விடாமல் சொன்னாள். "இங்கன எல்லாரும் இருக்காக. எல்லாரும் இருந்துதான் ரெண்டும் போச்சு."

நான் மறுபடி அளக்கத் தொடங்கினேன். போவது என்று முடிவாகிவிட்டது.

ஆத்தா தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை போட்டாள். பிள்ளைகள் தங்காத வீட்டில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். சொந்தம் இல்லாத ஒரு பெண் ஒரு படி தவிடு கொடுத்து அந்தப் பிள்ளையை வாங்குவாள். அதற்குப் பிறகு அது அவள் பிள்ளை. வளர்க்கிறது மட்டும் பெற்றவர்கள். கெட்ட விதி வந்து தேடினால் இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடும் என்பார்கள். எங்கள் முன்னோர் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகும் இந்த வழக்கம் விடவில்லை.

பங்குச் சுவாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கப் போனபோது ஆத்தா இதையும் சொல்லிவிட்டாள். அவர் கோபித்தார். "தவிட்டில் ஒன்றும் இல்லை. சர்வேசுரனை நம்பிப் போங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் ஆத்தா என் காதுக்குள் சொன்னாள். "சாமியாரு நல்லவக. ஆனா அவக புள்ளை பெத்தவக இல்ல. நீ வித்துரு."

அதோடு நிற்கவில்லை. பட்டணத்தில் தவிடு எங்கே கிடைக்கப்போகிறது என்று எங்கள் வீட்டுத் தவிட்டையே ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள். "வாங்குறவ கையில இதைக் குடுத்து, அவளைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு" என்றாள். அது முறை இல்லை. வாங்குகிறவள் வீட்டுத் தவிடாக இருக்கவேண்டும். ஆத்தாவுக்கும் அது தெரியும். பயத்தில் செய்தாள்.

புறப்படும் காலையில் நான் மட்டும் கோவிலுக்குப் போனேன். நீளமாகச் செபிக்க எனக்குத் தெரியாது. மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாள் போட்டுச் சொன்னது இவ்வளவுதான். "தாயே, அங்கன ஒரு பொம்பளையைக் காட்டு."

அப்போது தேனியில் ரயில் உண்டு. ஏறினோம். மதுரையில் மாறினோம். பட்டணத்து ஸ்டேசனில் இறங்கி நின்றபோது, எங்கள் பக்கத்துச் சனம் முழுவதும் ஒரே வாசலில் வெளியே வருவதுபோல இருந்தது. ரோசம்மாள் என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவள் மறுகையில் தவிட்டுப் பை.

வடக்கே மில்லுக்குப் பக்கத்தில் வரிசை வீடுகள். ஒரு அறை. எல்லோருக்கும் ஒரு குழாய். சின்னப்பன் சொன்னது பொய் இல்லை. கீரைக்குக் காசு கொடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கொல்லையில் பறித்ததைத் திருடன் கையிலிருந்து திரும்ப வாங்குவதுபோல. பக்கத்து வீடுகளில் தெலுங்கும் உருதும் கேட்டது. ரோசம்மாள் யாரோடும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் சொன்ன நாளில் போய் வந்தாள்.

வந்து சில மாசம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். கதவு சரியாகச் சாத்தவில்லை போல. ஒரு பசு தலையை அறைக்குள் விட்டுக்கொண்டு நின்றது. மூஞ்சி முழுக்கத் தவிடு. பை கிழிந்து கிடந்தது. ஒரு பிடிகூட மிச்சம் இல்லை.

ரோசம்மாள் விளக்குமாற்றை எடுத்து அந்த மாட்டை அடித்தாள். அவள் யாரையும் அடித்து நான் பார்த்தது இல்லை.

மாட்டுக்கார அம்மா ஓடிவந்தார். மங்கம்மா என்று பெயர். தெலுங்கு பேசுகிறவர். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு பசுவை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர்.

"இன்னாத்துக்கும்மா அடிக்கிறே? வாயில்லாத ஜீவன்!"

"அது என் புள்ளைக்கு வச்ச தவிடு!" என்று கத்தினாள் ரோசம்மாள்.

"புள்ளைக்குத் தவுடா? இன்னா ஊரும்மா உங்க ஊரு?"

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ரோசம்மாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள். அத்தனை நாளாக வராத அழுகை. கள்ளி வேலியைச் சொன்னாள். இரண்டு குழியைச் சொன்னாள். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்கும் வழக்கத்தைச் சொன்னாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டது இல்லை.

மங்கம்மா மாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். ரோசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் மாடு தின்ன தவுடு. நான்தான் குடுக்கணும். புள்ள பொறக்கட்டும். என் வீட்டுத் தவுடு ஒரு படி அளந்து நானே வாங்கிக்கிறேன். எனக்கு விப்பியா?"

மாதாவிடம் நான் கேட்டது ஒரு பெண் துணை. நான் போய்த் தேடவில்லை, வேறு யாரிடமும் கேட்கவும் இல்லை. ஆத்தா பயந்து கட்டிக்கொடுத்த கள்ளத் தவிட்டை ஒரு மாடு தின்றது. அந்த மாட்டுக்குப் பின்னாலேயே அந்த அம்மா வந்தார், அவர் வீட்டுத் தவிட்டோடு. அந்த ஊரில் எத்தனை வாசல்! எத்தனை மாடு! இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மங்கம்மா எங்கள் வீட்டுக்குள்தான். தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். மோர் கொடுத்தார். சாணிக்குக் காசு வாங்கவில்லை.

வலி சொன்ன நாளுக்கு முந்தியே வந்துவிட்டது. நான் மில்லுக்குள் இருந்தேன். உள்ளே போய்விட்டால் சங்கு ஊதும்வரை வெளியே நடப்பது தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காலையிலேயே மங்கம்மா இவளை ரிக்ஷாவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். வயிற்றைத் திறக்க வீட்டார் சம்மதம் வேண்டும் என்றார்களாம். நீ யார் என்று கேட்டார்களாம். "அம்மா" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாராம்.

நான் போனபோது அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் உள்ளே காட்டினார்.

உள்ளே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நின்ற இடத்திலேயே முழந்தாளிட்டேன். நர்சம்மா பெண் பிள்ளை என்றார். தாய் சுகம் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முடிக்கவேண்டியதும் இல்லை.

கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தோம். ஆரோக்கியமேரி என்று பெயர். தலையில் தண்ணீர் விழுந்தபோது ரோசம்மாள் என்னைப் பார்த்தாள். கள்ளி வேலியை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மங்கம்மா முறத்தில் ஒரு படி தவிடு அளந்து ரோசம்மாளிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை மடியில் வாங்கினார். "இது என் பொண்ணு. வளக்கத்தான் உன்கிட்ட குடுக்கிறேன், சொல்லிட்டேன்" என்றார். பிள்ளையைத் தவிட்டம்மா என்றே இன்றைக்கும் கூப்பிடுகிறோம்.

அந்தத் தவிட்டையும் அதே மாடுதான் தின்றது.

சில வருசம் அங்கேயே இருந்தோம். பிறகு ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியாயிற்று. வரிசை வீடுகளில் பூட்டு தொங்கியது. நாங்களும் மூட்டை கட்டினோம்.

"நீங்க போங்க. எனக்கு எங்க போக்கு இருக்கு?" என்றார் மங்கம்மா.

ரோசம்மாள் பிள்ளையைத் தூக்கி அந்த அம்மா இடுப்பில் வைத்தாள். "உங்க புள்ளைய நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றாள்.

மங்கம்மா மாட்டை விற்றார். அதன் கழுத்துக் கயிற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு ரயில் ஏறினார்.

தேனிக்கு வந்து, ஊருக்குப் போகும் பஸ் பிடித்து, இறங்கி நடந்தோம். மேற்கே மலையைப் பார்த்து மங்கம்மா நின்றுவிட்டார். "இவ்ளோ பெருசா?" என்றார். முன்பு பட்டணத்தில் முதல்தடவை கடலைப் பார்த்தபோது நான் கேட்டதும் அதேதான்.

வாசலில் ஆத்தா நின்றாள். ஐயா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பேத்தியைப் பார்த்தாள். தூக்கவில்லை. பிறகு மங்கம்மாவைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். மங்கம்மா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார்.

ஆத்தா அளக்கிற படியோடு வெளியே வந்தாள். அதில் தலை தட்டத் தவிடு. மங்கம்மாவின் முந்தானையை இழுத்து அதில் கொட்டினாள்.

"லாபம்" என்றாள். "இந்தா, உன்னை நான் வாங்கிட்டேன். இனி நீ என் வீட்டுப் புள்ளை. உள்ள வா."

இப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் சண்டை போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பெண்கள் பக்கத்தில் கடைசித் தூண் ஓரம் பொட்டு வைத்த ஒரு அம்மா உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மடியில் என் மகள் இருப்பாள். நம் செபம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. பூசை முடியும்வரை கையைக் கூப்பியிருப்பார்.

தவிட்டில் ஒன்றும் இல்லை என்று சுவாமியார் சொன்னது சரி. தவிட்டைக் கொண்டுவந்த கையை அனுப்பியது மாதா. இது நான் கண்டது.

ஊரை விட்டுப் போவதா இருப்பதா என்று உங்களில் சிலர் இப்போது மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போடுங்கள். நானும் போட்டேன். வாடகை, விறகு, கீரை எல்லாம் எண்ணினேன். மங்கம்மா அந்தக் கணக்கில் இல்லை. எண்ணி முடித்த பிறகு முழந்தாள் போட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து வாசற்கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.