திறக்காத கதவுக்குக் கிடைத்த கைதட்டல்

1. ஒரே ஒரு விதி

லிஃப்டை இயக்கும் சொப்ட்வெயரைச் சோதிப்பது என் வேலை. பட்டனை அமத்துவேன், கதவைப் பார்ப்பேன், எழுதிவைப்பேன். ஓ லெவல் பரீட்சையோடு படிப்பை விட்டவனுக்கு முருகன் தந்த பிழைப்பு. மோர்னிங்சைட் வீதியில் பஸ் ஏறும்போது தினமும் ஒரே வேண்டுதல்: "முருகா, இண்டைக்கு ஒரு பிழையும் நடக்கக்கூடாது."

ஒரு திங்கட்கிழமை மனேஜர் குகன் கூப்பிட்டார்.

"அண்ணை, இனி ஃபோர்மல் மெதட்ஸ். விதியை எழுதிக் குடுத்தால், சொப்ட்வெயர் அதை மீறாது எண்டு கொம்பியூட்டர் கணக்காலயே நிறுவிப்போடும். பட்டன் அமத்த ஆள் தேவையில்லை."

"அப்ப நான்?"

"வெள்ளிக்கிழமை கஸ்டமருக்கு லிஃப்டை ஓட்டிக் காட்டவேணும். அதுக்குப் பிறகு கதைப்பம்."

குகன் எழுதிய விதி ஒன்றுதான்: லிஃப்ட் ஓடும்போது கதவு திறக்கக்கூடாது. "வேறு விதி இல்லையா?" என்று, கணக்குச் செய்ய வந்த நிபுணர் அம்மா இரண்டு தரம் கேட்டார். "உது போதும்" என்றார் குகன்.

மூன்று தரம் நிறுவ முடியவில்லை; ஓடும்போது கதவு திறக்க வழி இருக்கிறது என்று கணக்குக் காட்டியது. ஒவ்வொரு தரமும் புரோகிராமர்கள் கதவு திறப்பதற்கு இன்னொரு நிபந்தனை போட்டார்கள். நாலாம் தரம் நிறுவியாயிற்று. கைதட்டினோம். கேக் வெட்டினார்கள். எனக்குத்தான் பெரிய துண்டு. அது பிரியாவிடைத் துண்டு என்று விளங்கியது.

"தம்பி, ஒருக்கா அமத்திப் பாக்கட்டோ?" என்று குகனிடம் கேட்டேன்.

"நிறுவினதைப் பிறகென்ன பாக்கிறது, அண்ணை?"

2. வெள்ளிக்கிழமை

புது சொப்ட்வெயர் ஏற்றியவர்கள் கையால் திறந்துவிட்டபடியே பரீட்சார்த்த லிஃப்ட் நின்றது. குகன் கஸ்டமர் இருவரோடு ஏறினார். கதவு மூடியது. இரண்டாம் மாடியில் அழகாக நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை. நான் படியேறிப் போனேன்.

"அண்ணை! திறக்குதில்லை!" என்று உள்ளேயிருந்து குகன் கத்தினார்.

"ஓடேக்கை திறந்ததோ, தம்பி?"

"இல்லை!"

"அப்ப நிறுவினது சரிதானே."

"பகிடி விடாதேங்கோ, கஸ்டமர் நிக்கினம்!"

வெளிப்பூட்டில் அவசரத் திறப்பைப் போட்டுத் திருகிக் கதவைத் திறந்துவிட்டேன்.

நிபுணர் அம்மா அமைதியாக விளக்கினார். கணக்குச் சரி. போட்ட நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து, கதவு எப்போதுமே திறக்க முடியாமல் செய்துவிட்டன. ஒருபோதும் திறக்காத கதவு ஓடும்போது மட்டும் எப்படித் திறக்கும்?

"வந்து நிண்டால் திறக்கவேணும் எண்டது எல்லாருக்கும் தெரியும்தானே!" என்றார் குகன்.

"கொம்பியூட்டருக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

3. இப்போது

வேலை போகவில்லை. கதவு என்னென்ன செய்யவேண்டும் என்று நான் சொல்ல, அந்த அம்மா கணக்கில் எழுதுகிறார். நிறுவிய பிறகும் பட்டனை அமத்திப் பார்க்கிறேன். அமத்தச் சொல்வதும் அந்த அம்மாதான்.

நான் படித்த பாடம் சின்னது. கணக்கு பொய் சொல்லாது, ஆனால் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். அதனால் பஸ் ஏறும்போது இப்போது இரண்டு வரியாக வேண்டுகிறேன்: "முருகா, பிழை ஒண்டும் நடக்கக்கூடாது. நடக்கவேண்டியது நடக்கவும் வேணும்."