கிட்டங்கியின் தரைமட்டம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராமேஸ்வரம் தீவில் ஒரு சிறு துறைமுகத்துக்குச் சரக்கு வைக்கப் புதுக் கிட்டங்கி கட்ட முடிவானது. அதன் தரையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று சொல்லும் வேலை என்னிடம் வந்தது. புயலில் கடல் எதுவரை ஏறும், வருங்காலத்தில் கடல்மட்டம் உயர்ந்தால் இன்னும் எவ்வளவு கூடும் என்று பார்க்க வேண்டும். நான் நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பொறியாளன். கண்மாய்க்குத் தண்ணீர் வராதா என்று ஏங்கிய வீட்டிலிருந்து வந்து, தண்ணீர் எங்கே வந்துவிடுமோ என்று அளந்துகொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் இருந்த விவரம் போதவில்லை. அறுபத்துநான்கில் தீவை அடித்த பெரும்புயலை நேரில் கண்டவர்களைத் தேடிப் போனேன். படகுத்துறை ஓரம் டீக்கடை வைத்திருந்த அக்கா, அன்று அதே இடத்தில் தண்ணீரில் நின்றவர்.

“தண்ணி எம்புட்டு உசரம் வந்துச்சுக்கா?”

கையை நெஞ்சருகே கொண்டுபோனவர், நான் அளவுகோலை நிறுத்தியதும் கையை இறக்கிவிட்டார்.

“எதுக்கு சார் கேக்குறீக? உசரமா வந்துச்சுன்னா கடையை எடுக்கச் சொல்லுவாகளோ?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “சொன்னாலும் சொல்லுவாகக்கா.”

“அப்ப எனக்கு ஞாபகமில்ல,” என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் நிலையில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு மற்றவர்களிடம் விசாரிக்கப் போனேன். சில நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார்.

“இங்கன வரைக்கும்,” என்று நெஞ்சில் கை வைத்தார். “என் தங்கச்சி கையைப் புடிச்சிருந்தேன். அவ குட்டை. நீங்க தாழ்வாக் கட்டிப்புட்டு, நாளைக்கு அதுல நாலு பேரு ஒதுங்கினா என்ன செய்ய?”

தங்கைக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அளந்து முடிக்கும்வரை அவரும் அசையாமல் நின்றார்.

கடையை எடுக்க வேண்டாம், புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்களை மேடேற்றினால் போதும் என்று எழுதிக்கொடுத்தேன். மேலதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். கிட்டங்கியும் உயரமாக எழுந்தது. மூட்டை தூக்குபவர்கள் முணுமுணுத்ததால் படிக்குப் பதில் சாய்தளம் போட்டோம்.

பல வருடம் கழித்து ஒரு புயலில் கடல் ஏறியது. படகுத்துறைக்காரர்கள் கிட்டங்கிக்குள் ஒதுங்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் நான் பெருமையோடுதான் போனேன்.

“உள்ள ஒரு சொட்டு வரல சார்,” என்றார் அக்கா. “ஆனா ரோடு முங்கிப்போச்சு. கைப்புள்ளைகளுக்குப் பாலுகூட வந்து சேரல.”

கட்டடத்தைப் பற்றியே யோசித்த நான், அதற்குப் போகும் வழியை யோசிக்கவே இல்லை. ஊருக்கு எட்டாத துறைமுகம் நனையாமல் இருந்து என்ன பயன்? அலைந்து திரிந்து சாலையை உயர்த்த அனுமதி வாங்கினேன். அடுத்த மழைக்கு அந்த மேட்டுச் சாலையிலிருந்து வழிந்த தண்ணீர் நேராக அக்காவின் கடைக்குள் போனது.

“கடல் வர்றதுக்கு முன்னாடி மழையைக் கொண்டாந்து விட்டுட்டீகளே!”

திட்டு வாங்கிக்கொண்டே, மழைநீர் கடலுக்கு வடியக் குழாய் பதிக்க இடம் குறித்தேன். கடல் ஏறும்போது அதே குழாய் வழியே அது உள்ளே வரும் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. குழாயின் வாயில், வெளியே மட்டும் திறக்கும் கதவு ஒன்றும் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டேன்.