தையல் பிரிக்காத உப்பு மூட்டை

முதல் கோழி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செத்தது. நான் கதவைத் திறந்தபோது அதற்கு உயிர் இருந்தது. மற்ற கோழிகள் அதைச் சுவரோரமாக நெருக்கி, பின்பக்கத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றின் அலகில் குடல் நீளமாகத் தொங்கியது. அதைப் பிடுங்க நாலைந்து துரத்தின. கொத்துப்பட்ட கோழி சத்தமே போடவில்லை, நின்றுகொண்டிருந்தது. தூக்கி வெளியே கொண்டுவந்து கழுத்தைத் திருகினேன். அதுவும் என் வேலைதான்.

தரமணியில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தின் கோழிக் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி வருகிறேன். படிப்பு பத்தாவது. எனக்கு மனிதர்களிடம் பேச வராது. கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட ஒருமுறை யோசிப்பேன். கோழிகளிடம் அந்தத் தொந்தரவு இல்லை என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன்.

அந்த வருடம் ஆராய்ச்சிக்கு வந்த மேடத்துக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். என்னை அக்கா என்பார். கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூள் போடுவது வழக்கம். அதற்குப் பதிலாக, காய்கறிக் கழிவில் வளர்த்த ஈப்புழுவைக் காயவைத்துப் பொடித்துப் போட்டால் முட்டை குறையுமா, அந்த முட்டைகள் சரியாகப் பொரியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கம்பி வலை தடுத்த மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் இருபது கோழிகள், இரண்டு சேவல்கள். முதல் அறைக்குக் கருவாடு, இரண்டாவதுக்குப் பாதிப் பாதி, மூன்றாவதுக்கு முழுக்கப் புழு.

"இது ஒன்னுதாங்க்கா என் படிப்பு. இன்னொரு தடவ செய்ய விட மாட்டாங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்.

கொத்து நடந்தது மூன்றாம் அறையில் மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கோழிகள் போயின. முதுகில் இறகே இல்லாமல் சிவந்த தோலோடு பல கோழிகள் திரிந்தன. ஒரு சேவல் இன்னொரு சேவலின் கொண்டையை வேரோடு கிழித்துவிட்டது. ரத்தம் கண்ணில் வழிய, அது தன் ரத்தத்தைத் தானே தரையில் கொத்தித் தின்றது. காயங்களில் வேப்பெண்ணெய் தடவினோம். ரத்தம் கோழிகள் கண்ணில் படாமலிருக்க விளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டினோம். எதற்கும் கொத்து நிற்கவில்லை.

"புழுவத் துன்னா புத்தி இப்டித்தான் பூடும்" என்றார் என்னோடு தீவனம் கலக்கும் அண்ணன். வியாசர்பாடிக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை யக்கா என்றுதான் கூப்பிடுவார். "நம்ம ஊட்டுக்காரிக்குக் கொஞ்சம் குடுத்துப் பாக்கணும். ஏற்கெனவே கொத்திக்கினுதான் கீது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சனிக்கிழமை மதியம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தயிர்சாதமும் மோர்மிளகாயும் சாப்பிட்டேன். கையைச் சரியாகக் கழுவாமல், மூன்றாம் அறைக்குள் தண்ணீர்த் தட்டு மாற்றப் போனேன். கையை நீட்டியதும் கோழிகள் பாய்ந்தன. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டில் வேர்வை காய்ந்த இடம் என்று தேடித் தேடிக் கொத்தின. ஒன்று சதையைப் பிடித்து இழுத்தது. உதறினாலும் விடவில்லை. ரத்தம் வந்ததும் இன்னும் நாலு வந்து தொங்கின. காலால் உதைத்துத்தான் வெளியே வந்தேன்.

குழாயடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு விளங்கியது. அவை தேடியது உப்பை.

எங்கள் கொட்டகையில் தீவனத்தில் உப்பு போடும் பழக்கம் கிடையாது. வருகிற கருவாடு எல்லாமே உப்பில் ஊறியது. அதற்கு மேல் போட்டால் கோழி தண்ணீராய்க் குடித்துக் கழியும். அதனால் கலவை அளவுத் தாளில் உப்பு என்று எழுதியிருந்தாலும் நாங்கள் போடுவதில்லை. இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களாகச் செய்துவந்தது. மேடம் மூன்றாம் அறைக்கு எழுதிக் கொடுத்த தாளிலும் உப்பு இருந்தது. நான் அதைப் படித்தேன். கை பழக்கப்படி அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது. அந்தத் தீவனத்தில் கருவாடே இல்லை என்பது மண்டையில் ஏறவில்லை.

தீவன அறைக்குப் போய்ப் பார்த்தேன். மேடம் எழுதிக் கொடுத்து வரவழைத்த உப்பு மூட்டை மூலையில் இருந்தது. வாயில் போட்ட தையல் அப்படியே இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் மூட்டையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"யாராண்டயும் வாயத் தொறக்காத. ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிரும். நாளைலேர்ந்து கம்முனு ஒரு பிடி போட்ரலாம்."

"போட்டா அது தப்புக் கணக்காப் பூடும்ணா. அந்தப் பொண்ணு தெனமும் எழுதிக்கினு கீது."

"அப்ப நீயே போய்ச் சொல்லு" என்றார், என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்து.

உப்பும் போடவில்லை, சொல்லவும் இல்லை. ஞாயிறு முழுவதும் வீட்டில் படுத்துக் கிடந்தேன். திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளை ரயிலில் அடுக்கிக்கொண்டு வந்தேன். கொட்டகையில் மேடத்தின் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர் நின்றிருந்தார். மூன்றாம் அறைக் கோழிகளுக்கு அலகை வெட்டச் சொல்லிவிட்டார்.

குஞ்சுக்கு வெட்டுவது வேறு. வளர்ந்த கோழிக்கு அலகு கெட்டி. அலகு வெட்டும் மின்கருவியின் தகடு சிவக்கக் காய்ந்திருந்தது. நான் பிடித்துக்கொண்டேன், அண்ணன் வெட்டினார். ஒவ்வொன்றாகப் பிடித்து, தலையைக் கட்டைவிரலால் அழுத்தி, அலகைத் தகட்டுக்குக் கொடுத்தேன். புகை வந்தது. முடி கருகும் நாற்றம். கோழியின் உடம்பு முழுக்க என் கைக்குள் துடித்தது. சிலதுக்குச் சூடு சரியாகப் படாமல் ரத்தம் பீய்ச்சியது. மறுபடி வைத்தோம். பதினேழு கோழிகள், இரண்டு சேவல்கள். மேடம் தடுப்புக்கு அந்தப் பக்கம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த கோழியை எடுத்தேன்.

மறுநாள் அவை வெட்டுப்பட்ட அலகாலேயே கொத்தின. அலகு குட்டையானதால் குத்த முடியவில்லை, தேய்த்துத் தேய்த்துக் கிழித்தன. சாக வெகுநேரம் ஆனது. புதன்கிழமைக்குள் இன்னும் ஐந்து போயின.

வியாழக்கிழமை மேடம் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது.

"புழு சரிப்படாதுன்னு எழுதிரப் போறேங்க்கா. சார் அப்படித்தான் சொல்லுதாங்க. இந்த வாரமே திரும்ப ஆரம்பிச்சாத்தான் நாள் பத்தும். என்ன காரணம்னே தெரியாம எத ஆரம்பிக்க?"

நான் தீவன அறைக்குள் போனேன். மூன்றாம் அறைத் தீவனத்தில் ஒரு கை அள்ளினேன். வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இத வாயில போட்டுப் பாருங்க மேடம்."

விளையாடுகிறேனா என்று பார்த்தார். நான் என் வாயில் கொஞ்சம் போட்டு மென்றேன். அவரும் போட்டார். மென்றார். ஒன்றும் புரியவில்லை. அதன்பின் முதல் அறைத் தீவனத்தைக் கொடுத்தேன். அது நாக்கில் பட்டதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"உப்பு" என்றார்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் மூட்டையைக் காட்டினேன். தையலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எப்பக்கா தெரியும்?"

"சனிக்கெழம."

அலகு வெட்டியது திங்கட்கிழமை. அவர் நாட்களை எண்ணுவது எனக்குத் தெரிந்தது. கையில் இருந்த பதிவேட்டால் என் தோளில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடி காதில் விழுந்தது. பதிவேட்டின் அட்டை கிழிந்தது. அண்ணன் ஓடிவந்து, "இன்னா மேடம், பொம்பளயப் போய்" என்றார். நான் அவரைப் போகச் சொன்னேன்.

அன்று மதியமே தண்ணீரில் அளந்து உப்புக் கரைத்து வைத்தோம். காரணம் அதுதானா என்று பார்க்க வேண்டும் என்றார் மேடம். கோழிகள் தட்டைச் சுற்றி நெருக்கிக்கொண்டு குடித்தன. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது மிச்சமிருந்த பதினான்கும் கலைந்து நின்று தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. என் கையை நீட்டினேன். ஒன்று வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

மேடம் பேராசிரியரிடம் பேசி மூன்றாம் அறையை மட்டும் திரும்ப ஆரம்பிக்க அனுமதி வாங்கினார். பக்கத்துக் கொட்டகையில் அதே வயதுக் கோழிகள் இருந்தன. அவற்றை உள்ளே விட வேண்டுமானால் அறை காலியாக வேண்டும். சோதனை கெட்டுப்போன கோழிகளை விற்கக் கூடாது, தின்னக் கூடாது. கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

அண்ணன் உதவ வந்தார். மேடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரே உள்ளே வந்து கோழிகளைப் பிடித்துக் கொடுத்தார். ஒன்றுகூட ஓடவில்லை. அலகு போன முகத்தோடு என் கையில் சாதுவாக இருந்தன. பதினான்கு கழுத்துகள். ஒவ்வொன்றும் என் விரலுக்கடியில் முறிந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியாக, கொண்டை கிழிந்த சேவல். அதன் கண்ணோரம் காய்ந்திருந்த ரத்தத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு நீட்டினார்.

குழியை மூடிவிட்டு வந்து அறையைக் கழுவினேன். மேடம் தீவன அறையில் கத்தியால் மூட்டையின் தையலை அறுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தராசை எடுத்துட்டு வாங்க" என்றார்.