நான்கு மூலைகளையும் புரட்டிப் பார்த்தவர்

கடற்கரை நகரத்தின் பெரிய சலவைக்கூடத்தில், வடக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் இருபத்தாறு ஆண்டுகளாக அமர்ந்திருப்பவரை எல்லாரும் ஊசியம்மா என்றே அழைத்தார்கள். சலவைக்கு வரும் ஓட்டல் விரிப்புகளில் எது கிழிந்திருந்தாலும் அது அவர் மடிக்குத்தான் வந்து சேரும். இழை இழையாகக் கோத்து அவர் அடைத்த இடத்தைக் கண்டுபிடிக்க இன்னோர் ஊசியம்மா பிறந்துதான் வரவேண்டும் என்பார் மேற்பார்வையாளர். அவர் யாரையும் லேசில் புகழ்பவர் அல்லர்.

நகரத்தின் இரண்டு உயர்தர ஓட்டல்களும் அங்கேதான் துணி அனுப்பின. விளிம்பில் நீல நூல் ஓடினால், துறைமுகத்தருகே இருபத்திரண்டு மாடிகளோடு நிற்கும் கோபுர ஓட்டலுடையது. பச்சை நூல் ஓடினால், கடலை ஒட்டிய தோட்ட ஓட்டலுடையது. இரண்டின் விரிப்புகளும் அவருக்கு அத்துப்படி. ஆனால், இரண்டின் வாசற்படியையும் அவர் மிதித்ததில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு நாள் வந்து குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“அம்மா, முப்பதாவது கல்யாண நாளுக்கு நீயும் அப்பாவும் பெரிய ஓட்டல்ல ஒரு நாள் தங்கப் போறீங்க. கோபுரமா, தோட்டமா? சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. அப்புறம் அறை கிடைக்காது.”

“எனக்கு எதுக்குடி அதெல்லாம்?” என்று வாய்தான் சொன்னது. ஊசியம்மாவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. யாரோ விரித்து வைத்த படுக்கையில், வெறும் விருந்தாளியாக ஒரே ஒரு நாள் படுத்து எழவேண்டும்; ஊசியின் நினைவே வரக்கூடாது. தம் தையல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், விரல்கள் வேலைக்குக் கிளம்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை, கணவரோடு இரண்டு ஓட்டல்களையும் நேரில் பார்க்கக் கிளம்பினார். கணவர் படகுத்துறையில் கயிறு கட்டும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தோட்ட ஓட்டலைக் கண்டதுமே அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“இங்க பாரு, பின்வாசல்லேர்ந்து கடலுக்கு நாப்பதே அடி! எண்ணிட்டேன்.”

“இத்தனை வருஷம் கடலோடதானே குப்பை கொட்டினீங்க? இன்னும் ஆசை தீரலையா?”

“அப்ப அது எனக்கு மேலதிகாரி. இப்பத்தானே சிநேகிதம் ஆகியிருக்கு!”

ஊசியம்மாவுக்கும் அங்கே காட்டிய அறை பிடித்துத்தான் இருந்தது. ஆயினும், மெல்லக் குனிந்து விரிப்பின் ஒரு மூலையைப் புரட்டினார். பச்சை நூலுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, அவருடைய தையல் இருந்தது. அந்தக் கணமே அவருடைய வலக்கை, சட்டைக் கழுத்தில் வழக்கமாகக் குத்தியிருக்கும் ஊசியைத் தேடிப் போயிற்று.

“வேண்டாம், வாங்க போகலாம்” என்றார். நாற்பது அடியையும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கணவர் பின்னால் நடந்தார்.

கோபுர ஓட்டலின் பதினேழாம் மாடியில் அறையைக் காட்ட வந்த இளம் ஊழியர், படுக்கையைச் சுற்றி வந்து நான்கு மூலைகளையும் புரட்டிய அம்மையாரைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

“ஏதாவது குறைங்களாம்மா? நீங்க... சோதனைக்கு வந்திருக்கீங்களா?”

“ஒரு குறையும் இல்லைப்பா. ஒண்ணுமே இல்லை! அதுதான் வேணும்” என்றார் ஊசியம்மா, முகமெல்லாம் பல்லாக. கோபுரமே முடிவாயிற்று.

கல்யாண நாளன்று மதியம் மூன்று மணிக்கு அதே அறைக்குள் நுழைந்தார்கள். கணவர் ஜன்னலோரம் நின்று, “கடல் படத்துல இருக்கற மாதிரி இருக்கு. தொடத்தான் முடியாது” என்று பெருமூச்சு விட்டார். ஊசியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையில் சாய்ந்தார். மேற்கு வெயில் சரிந்து வந்து விரிப்பின் நடுவில் விழுந்தது. அங்கே, கட்டைவிரல் நகத்தளவில் சற்றே அடர்ந்து தெரிந்தது ஒரு சதுரம்.

அவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“என்ன ஆச்சு?” என்று கணவர் பதறினார்.

“இது என் தையல்ங்க. போன மாசம் போட்டது.”

“அன்னைக்கு நாலு மூலையும் பார்த்தியே!”

“பார்த்தது வேற விரிப்புங்க! அன்னைக்குப் பார்த்தது இன்னைக்கு வரைக்கும் துவைக்காமலேயா கிடக்கும்? தினம் வண்டி வண்டியா நம்மகிட்டதானே வருது? இருபத்தாறு வருஷமா அதையே பார்க்கிற எனக்கு இது தோணலை பாருங்க!”

கணவர், மனைவியின் ஆசை பாழாயிற்றே என்று முகம் வாடி நின்றார். ஆனால், ஊசியம்மாவின் தோள்கள் குலுங்கின. பிறகு கட்டிலே குலுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப நாப்பது அடி போனதுதான் மிச்சமா?” என்றார் கணவர், தாமும் சிரித்துக்கொண்டே.

“எல்லாத்துக்கும் நான்தான் காரணம். நாளைக்குக் காலையில உங்க சிநேகிதத்தைப் பார்க்க நானே கூட்டிட்டுப் போறேன், போதுமா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் அந்தச் சதுரத்தின்மேல் விரலை ஓட்டினார். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓட்டினார், இடமே தட்டுப்படவில்லை. வலக்கை கழுத்துப் பக்கம் போகவும் இல்லை.

“நல்லாத்தான் போட்டிருக்கா” என்றார், வேறு யாரையோ சொல்வதுபோல. சரியாக அந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டார். “கீழே போன் பண்ணி ரெண்டு காப்பி சொல்லுங்க. விருந்தாளி சொன்னா கொண்டு வருவாங்களாம்.”

காப்பி வந்தபோது ஊசியம்மா நன்றாக உறங்கிப்போயிருந்தார். இரண்டையும் கணவரே குடித்தார்.