பெஞ்சு வாங்கிய அடி

போன வெள்ளிக்கிழமை, செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதற்காக, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். அவள் போனுக்குள் ஓர் ஆள், அடுக்குக் கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். நாலு வயசுப் பையன் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"அவன முன்னால நிறுத்து. அப்பான்னு சொல்லச் சொல்லு. சொல்லலையா? நான் பாக்க ஒண்ணு வை."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"வைட்டி!"

பட்டென்று விழுந்தது. பையன் கன்னத்தில் விரல்கள் எழும்பின. ஒட்டிய கண்ணாடியில் ஒரு குமிழி நின்றுவிட்டது. அதைக்கூடக் கேட்காமல் வெளியே வந்தேன். நான் அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை.

அங்கிருந்து நாலாவது கடைதான் நான் முதன்முதலில் வேலை பார்த்த எஸ்.டி.டி. பூத். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வருஷத்தைத் தவறாகச் சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று என் மனைவி கேலி செய்வாள். ஆகையால் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கிழமையில் மட்டும் சந்தேகமே இல்லை. சவுதியில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு அங்கிருந்து கூப்பிடுவார்கள் என்று சுற்று ஊர்ப் பெண்களெல்லாம் பஸ் ஏறி வந்து காத்திருப்பார்கள். முந்தைய தடவை ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்ட கோடாலித் தைலத்தை யாராவது நெற்றியில் தடவியிருப்பார்கள். கடை முழுக்க அந்த வாசனைதான். இன்றும் எவர் தலைவலிக்கு அதைத் தடவினாலும் எனக்கு டெலிபோன் மணி கேட்கும்.

பனவடலிசத்திரத்திலிருந்து வருவாள் பேச்சியம்மாள். கூடவே ஏழு வயசு மகன் கோமதிநாயகம். அவனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது விமானம் ஏறிய அவள் புருஷன் செல்லத்துரை அதன்பிறகு ஊருக்கு வரவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தால் பையன் வாயைத் திறக்கமாட்டான். மூச்சு மட்டும் விடுவான்.

செல்லத்துரைக்குத் தொண்டை பெரிது. போன் பேசுகிற கண்ணாடிக் கூண்டின் கதவைச் சாத்தினாலும் எனக்குக் கேட்கும். "எங்கொரல அவன் கேக்காம்லா, அவங்கொரல நான் கேக்காண்டாமா? ரெண்டு வை!"

அவள் வைத்தாள்.

"சத்தமே வரலயே! அடிக்கியா, தடவிக் குடுக்கியா?"

செருப்பைக் கழற்றி அடித்தாள். பையன் "ஐயோ" என்று அலறியதும்தான் அந்த மனிதர் தணிந்தார். "எம்மவன் குரலு நல்லா எடுப்பாத்தான் இருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மகன் குரல் என்று அவருக்குக் கிடைத்தது அந்த அலறல் ஒன்றுதான். பிறகு வாராவாரம் கேட்டார். ஒரு வெள்ளி, பையனின் காதோரம் பிய்ந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. மேஜை துடைக்கிற துணியைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

அடுத்த வாரம் அவள் கூண்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வெளியே கிடந்த மர பெஞ்சில் செருப்பால் ஓங்கி ஒரு போடு போட்டாள். பையன் முழித்தான்.

"கத்துலே," என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

கத்தினான். அப்படி ஒரு கத்தல். சோடாக் கடைக்காரர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். கத்தி முடித்துவிட்டு அவன் பையிலிருந்து நிலக்கடலையை எடுத்துத் தோலை ஊதினான். அதற்கடுத்த வெள்ளி பெஞ்சை நானே கூண்டுப் பக்கம் இழுத்துப் போட்டேன். யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெஞ்சு அடி வாங்கியது.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து இரண்டாவது வெள்ளி செல்லத்துரை நேரிலேயே வந்தார். எனக்கு ஒரு சென்ட் பாட்டில். "தம்பி, நீங்கதான லைன் குடுப்பீய?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மகனைக் கூண்டின் முன்னால் நிறுத்தி, "வந்து மூணு நாளாச்சு. ஒத்த வார்த்த பேசல. இங்கன வந்தா பேசுவியா? அப்பான்னு சொல்லுலே," என்றார்.

பையன் தரையைப் பார்த்தான்.

பெல்ட் உருவிக்கொண்டு வந்தது. முதல் அடி தோளில், இரண்டாவது பிட்டத்தில். கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சத்தமில்லை.

"போன்ல என்ன கத்து கத்துன! இப்பம் கத்துலே! கத்து!"

கத்தாததனால்தான் அடி கூடியது. பக்கிள் பட்டுப் புருவம் கிழிந்தது. நான் பாய்ந்து அவர் தோளைப் பிடித்தேன். ஒரே உதறலில் மேஜையில் போய் விழுந்தேன். பேச்சியம்மாளுக்கு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிப் பெஞ்சில் மடேர் என்று அடித்தாள்.

"ஐயோ!" என்று அலறினான் பையன்.

செல்லத்துரையின் கை அந்தரத்தில் நின்றது. அதே அலறல். பெஞ்சைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "இத்தன நாளும் பெஞ்சயாட்டி அடிச்ச?" என்றபடி அவள் வாயில் குத்தினார். உதடு பிளந்தது. பையன் தாவி அவர் முன்கையைக் கவ்வினான். நானும் ஓடி வந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரித்தெடுத்தோம். வாயெல்லாம் ரத்தம், அவனுடையது எது, அப்பாவுடையது எது என்று தெரியவில்லை. அப்போதுதான் அவன் அப்பாவிடம் முதல்முதலாகப் பேசினான்.

"நீ போ. சவுதிக்கே போ."

லீவு பாக்கி இருக்கும்போதே அவர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை போன் மட்டும் வந்தது. "பய நல்லாருக்கானா?" "ம்." அவ்வளவுதான். அவனைக் கூப்பிடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. அவன் வெளியே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பான்.

பூத் போய் ஜெராக்ஸ் கடை வந்தது. அதுவும் போய் இப்போது பிரியாணிக் கடை. செருப்பின் லாடம் பதிந்து குழிகுழியாகக் கிடந்த அந்தப் பெஞ்சு என்ன ஆனதென்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

செல்போன் கடையில் அந்தப் பெண் சுற்றுமுற்றும் எதைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். பெஞ்சு கிடந்திருந்தாலும் அவளுக்கு உதவியிருக்காது. செல்லத்துரைக்குக் காது மட்டும்தான் இருந்தது. இந்த ஆளுக்குக் கண்ணும் இருக்கிறது.