புற்றின் மேல் ஒரு பாம்புச் சட்டை

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தது. ஒரு வேம்பு, ஒரு முருங்கை, துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, வேலியோரமாக ஒரு கரையான் புற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கேதான் இருப்பேன். துவைகல்லின் அடியில் ஓர் அரணை குடியிருந்தது. தொட்டியின் ஈரத்தில் ஒரு தேரை, எப்போதும் ஒரே மூலையில். வேலியில் ஓர் ஓணான். அதற்குப் பிடித்த கம்பு ஒன்று உண்டு, வேறு ஓணான் அதில் ஏறினால் தொண்டை சிவந்து தலையை ஆட்டும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒருவர் இடம் மாறினாலும் காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். அந்த வருடம் சீசனில் வெடிக்கான திரியைக் காயப்போட்டுக் கொடுக்கும் வேலை வீட்டுக்கே வருவதாக இருந்தது. மருந்து தடவிய ஈரத் திரியைப் பின்பக்கத்தில் வெயிலில் பரப்பிக் காயவைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதை அப்பா சாப்பிடும்போது சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்தவள் அத்தை. அப்பாவின் அக்கா. அவளுடைய வீட்டுக்காரர் திரிக் கொட்டகை தீப்பிடித்ததில் இறந்துபோனவர். அத்தைக்கு இடது கை முழங்கை வரை அதே தீயில் வெந்து சுருங்கிப் போயிருந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள்.

"இங்கன வேண்டாம் தம்பி," என்றாள்.

"வெறும் காயப்போடுறதுதான்க்கா."

அத்தை அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அந்த வாரமே அத்தை பின்பக்கத்தில் பாம்பைப் பார்த்தாள். நல்ல பாம்பு, படம் எடுத்து நின்றது, தன்னைக் கண்டதும் புற்றுக்குள் போய்விட்டது என்றாள். அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமை அம்மா பாலும் முட்டையும் வைத்தாள். மஞ்சள் பூசிய புற்றில் இனி யாரும் மண்வெட்டி போட மாட்டார்கள்.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. என் இடத்தில், நான் பார்க்காத ஒன்றை, சமையலறையை விட்டு அதிகம் வெளியே வராத அத்தை பார்த்துவிட்டாள். அடுத்து வந்தது சந்தேகம். பாம்பு நடமாடும் இடத்தில் தேரை அப்படி அசையாமல் உட்கார்ந்திருக்குமா? ஓணான் அதே கம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அணில்கள் ஒருமுறைகூடக் கத்தவில்லை. பின்பக்கத்தில் யாருக்கும் பாம்பு வந்த செய்தியே தெரியவில்லை.

திரி காயப்போட அடுத்த தெருவிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்த அக்கா ஒருத்தி, செய்தி கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். மருந்து இருக்கும் இடத்தில் செருப்புப் போடக் கூடாது. உராய்ந்து பொறி வந்தால் போதும். வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும்.

"மருந்து கைக்குக் கீழ, பாம்பு காலுக்குக் கீழ. நாங்க எங்கனம்மா நிக்கிறது, முருங்க மரத்துலயா?" என்றாள்.

"பகல்ல வராதுத்தா," என்றாள் அம்மா.

"வராதுன்னு அது உங்ககிட்ட சொல்லுச்சாக்கும்."

அவள் போய்விட்டாள். உள்ளே அத்தை புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னை மேலும் உறுத்தியது.

மறுநாள் புற்றின் மேல் பாம்புச் சட்டை கிடந்தது. அத்தைதான் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா தூரத்திலிருந்தே கும்பிட்டாள். நான் கிட்டப் போய்க் குனிந்தேன். வயிற்றுப் பக்கம் நடுவில் ஒரு கிழிசல். வால் நுனி இல்லை. இந்தச் சட்டையை எனக்குத் தெரியும். போன வாரம் நானும் அத்தையும் கண்மாய்க்கரையில் வேப்பமுத்துப் பொறுக்கப் போனபோது வேலிக்கருவை முள்ளில் இதே சட்டை மாட்டிக்கொண்டிருந்தது. நான் எடுக்கப் போனேன். "தொடாத பிள்ள, வெசம்," என்று அத்தைதான் கையைத் தட்டிவிட்டாள். கண்மாய்க்கரைச் சட்டை எங்கள் வீட்டுப் புற்றுக்குத் தானாக நடந்து வராது.

அன்று முதல் நான் ஓணானை விட்டுவிட்டு அத்தையைப் பார்க்க ஆரம்பித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அம்மா முட்டை வைத்தாள். மத்தியானம் அம்மா படுத்ததும் நான் முருங்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அத்தை வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். புற்று வாயிலிருந்த முட்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் என் தட்டில் மட்டும் அவித்த முட்டை இருந்தது.

"வளர்ற பிள்ள, தின்னு," என்றாள்.

எல்லாம் முட்டைக்காகத்தான் என்று அப்போது முடிவுகட்டினேன். அதில் எனக்கும் பங்கு கொடுத்து வாயை அடைக்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் தின்றேன்.

திரி லோடு வர வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை அப்பா பின்பக்கம் வந்து நின்றார். ஆட்கள் பயப்படுகிறார்கள், திரி அனுப்பும் கம்பெனிக்காரர் பதில் கேட்கிறார். பாம்பு பிடிக்கிறவரைக் கூட்டி வந்து புற்றை வெட்டிப் பார்த்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பயந்துபோய், "மஞ்சப் பூசுன புத்துங்க," என்றாள். அத்தை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஓணான், அரணைன்னு நாள் பூரா இங்கனதான கெடக்க. நீ பாம்பப் பாத்தியா தாயி?"

"பாம்பப் பாக்கலப்பா. சட்டையத்தான் பாத்தேன்."

"எங்கன பாத்த?"

அத்தையின் கை நின்றுவிட்டது. சுருங்கிய இடது கையில் என் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"கண்மாய்க்கரையில. வேலிக்கருவையில மாட்டிக் கெடந்துச்சு."

அத்தை பாவாடையைக் கீழே வைக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை. இனி அப்பா அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அப்பா புற்றுக்குப் போய்ச் சட்டையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் தலைப்பக்கம் பார்த்தார், திருப்பி வயிற்றைப் பார்த்தார். சாரைப்பாம்பின் சட்டை அது. அப்பா சின்ன வயதில் வயல் எலிப் பொந்துகளில் கைவிட்டு விளையாடியவர். அவருக்கா தெரியாது. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். முகத்தை அல்ல, பாவாடை தொங்கிய கையை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு சட்டையைக் கிழியாமல், இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நல்ல பாம்புதான்," என்றார் அம்மாவிடம். "நெசமாத்தான் இருக்கு. லோடு வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்."

"அப்பா, அது கண்மாய்க்கரையில—"

"நீ போய்ப் படி தாயி."

நான் போகவில்லை. உண்மையைச் சொன்னது நான். என்னைத்தான் படிக்கப் போகச் சொல்கிறார். இப்போது எனக்கு அப்பாவின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. இதில் அவருக்கு என்ன லாபம்? முட்டைகூட அவர் தின்பதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை முட்டையை அப்பாவே வாங்கி வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, புல்லும் சருகும் மண்டிய இடத்தில் வெறுங்காலோடு நடந்தார். கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்க்கவே இல்லை. முட்டையைப் புற்று வாயில் வைத்துவிட்டுத் திரும்பினார். சமையலறை நிலையைப் பிடித்தபடி அத்தை நின்றாள். அவளைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னார்.

"பாம்பு எங்கனயும் போயிராமப் பாத்துக்கக்கா."

அத்தை சரி என்று தலையை ஆட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது. இல்லாத பாம்பு எங்கே போய்விடும் என்று இவர்கள் இரண்டு பேரும் இப்படிக் கவலைப்படுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.