பலகுரலக்காவின் நேயர் விருப்பம்

அந்த ராக் பாடகனின் பாட்டு ரேடியோ நேயர் விருப்பப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததை ஆளாளுக்குத் தங்கள் சாதனை என்று பீற்றிக்கொள்கிறார்கள். கிடார் வாசித்தவன் தன்னால் என்கிறான். மேனேஜர் தன்னால் என்கிறார். பாதி வேலையைப் பார்த்தது ஒரு பெண்பிள்ளை. இசைக் கம்பெனியின் ஜன்னலில்லாத அறையிலிருந்து ரேடியோ நிலையங்களுக்குப் போன் போட்டு, நேயர் மாதிரி அந்தப் பாட்டைக் கேட்பதுதான் அவள் உத்தியோகம். கல்லூரிப் பெண், லாரி டிரைவர் மனைவி, பொக்கைவாய்க் கிழவி என்று ஒரே காலையில் பதினைந்து பேராகிவிடுவாள். ஆபீஸில் அவளுக்குப் பலகுரலக்கா என்று பெயர். கணவன் போனபிறகு ஒற்றை ஆளாய் மகளை வளர்க்கிறவள். பாட்டுக் கேட்பது ஒரு பாவமா என்று நினைத்துக்கொள்வாள்.

பாட்டு ஏழாம் இடத்தில் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொண்டது. அன்று அவள் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"எம் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்கா சார். இந்தப் பாட்டக் கேட்டாத்தான் ஒரு வாய் சாப்பிடுறா" என்று சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டாள். அறிவிப்பாளர் குழந்தையின் பெயரைக் கேட்டார். சட்டென்று வாயில் வந்தது மகளின் செல்லப்பெயர்: சிட்டு.

ஊரே உருகியது. பாட்டு இரண்டாம் இடத்துக்குத் தாவியது. பாடகன் மேடையில், "இது சிட்டுவுக்காக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாவம், அவனும் நம்பியிருந்தான்.

மேனேஜர் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னும் ஒரே ஒரு போன்தான் அக்கா. பாப்பா போயிருச்சுன்னு சொல்லிருங்க."

"வாயக் கழுவுங்க சார்" என்று எழுந்துவிட்டாள். அப்படியே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதானே!

"சும்மா சொல்ற பிள்ளைதானே அக்கா?"

அது அவளுக்கும் சரியாகப் பட்டது. உட்கார்ந்து போன் போட்டாள். அழுகை நிஜமாகவே வந்தது. ஆனால் அறிவிப்பாளர் விசும்பியதும், நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு கணம் பெருமைப்பட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் பாட்டு முதலிடம். ஆபீஸில் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டை டப்பாவில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

பத்து வயது மகள் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். பள்ளி பஸ் ரேடியோவில் அந்தப் போனை மறுபடி ஒலிபரப்பியிருக்கிறார்கள். அம்மாவின் குரல் அவளுக்குத் தெரியாதா?

"எல்லாரும் அழுதாங்கம்மா. நான் மட்டும் அழல."

தாய் என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவை நீட்டினாள்.

மகள் திறந்து பார்த்தாள். "கேக்கா? எதுக்கு? நான் செத்ததுக்கா?"

அம்மாவுக்கு ஒரு பொய் தயாராக நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"ஆமாம்மா" என்றாள்.